நல்ல ராஜா, கெட்ட ராஜா: வேதம் எந்த அளவுகோலால் அளக்கிறது?

ஞாயிறு பள்ளியில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு வேதாகமத்தின் ராஜாக்கள் புத்தகத்தை நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். பாடப் புத்தகத்தில் ‘நல்ல ராஜாக்கள்’, ‘கெட்ட ராஜாக்கள்’ என்று இரண்டு பத்தியாக ஓர் அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்த ஒரு பையன், “கெட்டவன்னு போட்டிருக்கிற மனாசே 55 வருஷம் ஆண்டிருக்கான். நல்லவன்னு போட்டிருக்கிற யோசியா 39 வயசுல போர்ல செத்துட்டான். அப்ப நல்லவனா இருந்து என்ன பிரயோஜனம்?” என்று கேட்டிருக்கிறான். இந்த ராஜாக்களிடமிருந்து பிள்ளைகள் என்ன பாடம் கற்க வேண்டும் என்பது உங்கள் கேள்வியின் கடைசி வரி. ஆனால் அந்தப் பையன் கேட்டது அதற்கு முன்னால் நிற்கிற கேள்வி. ஒருவனை நல்லவன் என்றும் இன்னொருவனைக் கெட்டவன் என்றும் எழுதியவர்கள் எதை வைத்து அளந்தார்கள்? அந்த அளவுக்கும் அந்த மனிதர்கள் வாழ்ந்த வாழ்வுக்கும் ஏன் பொருந்தவில்லை? இந்த இரண்டுக்கும் பதில் தேடினால் பாடம் தானாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஓர் இறையியல் கல்லூரியில் 26 வருஷம் பழைய ஏற்பாடும் எபிரெயமும் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஆரம்ப காலத்தில் நானும் அந்த அட்டவணையைத்தான் பிரசங்கித்தேன்: கீழ்ப்படிந்தவன் நீடூழி வாழ்ந்தான், மீறியவன் அழிந்தான். ஒரு கிராமத்துச் சபையில் அப்படிப் பேசி முடித்த இரவில், எல்லாரும் கலைந்த பிறகு ஓர் அம்மா வந்து நின்றார். “ஐயா, எங்க வீட்டுக்காரர் யாரையும் ஏமாத்தினதில்ல. நாப்பத்தோரு வயசுல போயிட்டார். அவர் நீங்க சொன்னதுல எந்தப் பக்கம் வருவார்?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஊருக்குத் திரும்பி ராஜாக்கள் புத்தகத்தை முதல் வசனத்திலிருந்து மறுபடி படித்தேன். நான் பிரசங்கித்த கணக்கு அந்தப் புத்தகத்தில் சில இடங்களில் இருக்கிறது, பல இடங்களில் அந்தப் புத்தகமே அதை உடைக்கிறது என்று அப்போதுதான் கண்டேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். சாலொமோனுக்குப் பின் நாடு இரண்டாகப் பிளந்தது. வடக்கே இஸ்ரவேலில், சமாரியா கி.மு. 722ஐ ஒட்டி அசீரியரிடம் விழும்வரை 19 பேர் ஆண்டார்கள். தெற்கே யூதாவில், எருசலேம் கி.மு. 586 அல்லது 587இல் பாபிலோனியரிடம் விழும்வரை 19 ராஜாக்களும் அத்தாலியாள் என்ற ஒரு ராணியும் ஆண்டார்கள். ஏறக்குறைய ஒவ்வொருவருக்கும் ஒரே அச்சில் வார்த்த தீர்ப்பு வரி ஒன்று உண்டு: ‘கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான்’ அல்லது ‘பொல்லாப்பானதைச் செய்தான்’. வடக்கில் ஒருவனுக்கும் முழு நல்ல பெயர் இல்லை. யூதாவில் எட்டுப் பேருக்கு நல்ல தீர்ப்பு. அந்த எட்டிலும் ஆசா, யோசபாத், யோவாஸ், அமத்சியா, உசியா, யோதாம் ஆகிய ஆறு பேருக்கு ஒரு ‘ஆனாலும்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஆனாலும் மேடைகள், அதாவது ஊர்ப் பலியிடங்கள், அகற்றப்படவில்லை. குறை சொல்லாமல் தேர்ச்சி பெற்றவர்கள் எசேக்கியாவும் யோசியாவும் மட்டும். ஆக, எழுதியவரின் முதல் அளவுகோல் வழிபாடு. எருசலேம் ஆலயத்தில் மட்டும் பலியிட்டார்களா, ஊர் ஊராக இருந்த மேடைகளை விட்டுவைத்தார்களா என்பதே அவர் கேட்கிற கேள்வி. இதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். நாம் இன்று ‘நல்ல ஆட்சி’ என்று சொல்வதை அந்த ஒற்றை வரி அளக்கவில்லை.

அடுத்தது, பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பது, ஆனால் முழுதும் நிரூபணமாகாதது. ஒரே இடத்தில்தான் வழிபாடு என்ற கட்டளை எசேக்கியா, யோசியா காலத்தில்தான் நாட்டின் நடைமுறையாக வலுப்பெற்றது என்றும், அந்த அளவுகோலை வைத்துப் பின்னாளில் இருந்தவர்கள் முந்தைய ராஜாக்களையும் அளந்தார்கள் என்றும் கருதுகிறார்கள். உபாகமம் முதல் ராஜாக்கள் வரை ஒரே கையால் தொகுக்கப்பட்ட வரலாறு என்று 1943இல் மார்ட்டின் நோத் என்ற ஜெர்மானியர் முன்வைத்தார். யோசியா காலத்தில் ஒரு பதிப்பு, பாபிலோன் சிறையிருப்பில் இன்னொன்று என்று அவருக்குப் பின் வந்த சிலர் பிரித்தார்கள். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. நமக்கு அதில் வேண்டியது ஒன்றுதான்: நாடும் ஆலயமும் பறிபோன பிறகு, ‘எங்கே தவறினோம்?’ என்று அழுதுகொண்டே கணக்குப் பார்த்தவர்கள் இந்தப் புத்தகத்துக்குக் கடைசி வடிவம் கொடுத்தார்கள். தோற்றவர்கள் தங்கள் சொந்த ராஜாக்களைப் பற்றி எழுதிய புத்தகம் இது. ராஜாவின் சம்பளத்தில் வாழும் புலவன் இப்படி எழுத மாட்டான்.

அதனால்தான் வெற்றிக்கு இந்தப் புத்தகத்தில் மதிப்பெண் இல்லை. உம்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை வாங்கி, சமாரியா என்ற தலைநகரைக் கட்டியவன். அவன் வம்சம் ஒழிந்த பிறகும் அசீரியர்கள் அந்த நாட்டை ‘உம்ரியின் வீடு’ என்றே பல தலைமுறை எழுதினார்கள். பக்கத்து நாடான மோவாபை அவன் ஒடுக்கியதை, 1868இல் தீபானில் கிடைத்த மோவாப் ராஜா மேசாவின் கல்வெட்டு சொல்கிறது. அப்படிப்பட்டவனுக்கு ராஜாக்கள் புத்தகம் ஒதுக்குவது ஆறே வசனம். அவன் மகன் ஆகாப் கி.மு. 853இல் கார்க்கார் போரில் 2,000 ரதங்களோடும் 10,000 வீரர்களோடும் அசீரியனை எதிர்த்து நின்றதாக அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் கல்வெட்டே சொல்கிறது. நம் வேதத்தில் அந்தப் போரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் யெரொபெயாம் 41 வருஷம் ஆண்டான், எல்லைகளை விரித்தான், செல்வம் கொழித்தது. அவனுக்கு ஏழு வசனம். அதே காலத்தில் தெக்கோவாவிலிருந்து வந்த மந்தைக்காரன் ஆமோஸ், தந்தக் கட்டில்களில் படுத்திருப்பவர்களையும், ஒரு ஜோடு பாதரட்சைக்கு எளியவனை விற்கிறவர்களையும் பார்த்துப் பேசியதற்கு ஒன்பது அதிகாரம். சமாரியாவைத் தோண்டியபோது செதுக்கிய தந்தத் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. எந்தத் தலைமுறையினுடையவை என்று துண்டுக்குத் துண்டு பிரித்துச் சொல்வது கடினம், ஆனால் ஆமோஸ் சும்மா சொல்லவில்லை.

போரும் எல்லையும் செல்வமும் கணக்கில் வராது என்றால் வேறு எது வரும்? இங்கே அந்தத் தீர்ப்பு வரியை விட்டு, கதைகளுக்குள் போக வேண்டும். ராஜா எப்படி இருக்க வேண்டும் என்று உபாகமம் 17ஆம் அதிகாரம் சொல்கிறது: குதிரைகளைப் பெருக்கக் கூடாது, அவற்றுக்காக ஜனங்களை எகிப்துக்கு அனுப்பக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாய்ச் சேர்க்கக் கூடாது. சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் நியாயப்பிரமாணத்தின் ஒரு பிரதியைத் தனக்கென எழுதிக்கொள்ள வேண்டும். தன் சகோதரர்பேரில் இருதயம் மேட்டிமை கொள்ளாதபடி உயிரோடிருக்கும் நாளெல்லாம் அதை வாசிக்க வேண்டும். ராஜாவின் கடமைகளில் நேர்மறையாகச் சொல்லப்பட்டது இந்த வாசிப்பு ஒன்றே. படை நடத்து என்றோ கோட்டை கட்டு என்றோ அங்கே இல்லை. இதைக் கையில் வைத்துக்கொண்டு சாலொமோனின் மகிமையை வாசியுங்கள். வருஷத்துக்கு 666 தாலந்து பொன், 1,400 ரதங்கள், எகிப்திலிருந்து குதிரைகள், 700 மனைவிகள், 300 மறுமனையாட்டிகள். புகழ்ச்சி போல ஒலிக்கிற அந்தப் பட்டியல், உபாகமம் செய்யாதே என்றதை வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போகிறது. (அவனுடைய கப்பல்கள் கொண்டுவந்த சரக்குகளில் மயில்களும் உண்டு. அதற்கான ‘துக்கீம்’ என்ற எபிரெயச் சொல் நம் ‘தோகை’தான் என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். எனக்கும் அது பிடித்த கருத்துதான். ஆனால் அந்தச் சொல் மயிலையே குறிக்கவில்லை, குரங்கு வகை ஒன்றைக் குறிக்கிறது என்பவர்களும் இருப்பதால், வகுப்பில் அதை முடிந்த முடிவாகச் சொல்வதில்லை.)

ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது சாமுவேல் கொடுத்த எச்சரிக்கை 1 சாமுவேல் 8இல் இருக்கிறது. அதில் ‘எடுத்துக்கொள்வான்’ என்ற வினை எபிரெயத்தில் நான்கு முறை வருகிறது. உங்கள் குமாரரை எடுப்பான், குமாரத்திகளை எடுப்பான், வயல்களையும் திராட்சத்தோட்டங்களையும் எடுப்பான், வேலைக்காரரையும் கழுதைகளையும் எடுப்பான். இந்த ‘எடுப்பது’ அடுத்து எங்கே வருகிறது என்று தேடுங்கள். தாவீது மாடியிலிருந்து உரியாவின் மனைவி பத்சேபாளைப் பார்த்து, ஆள் அனுப்பி, அவளை அழைப்பித்த இடத்தில் அதே வினை. அதைக் கண்டித்துத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்ன உவமையில் ஐசுவரியவான் தரித்திரனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து அடித்த இடத்திலும் அதே வினை. கதை சொன்னவர் தெரிந்தேதான் இப்படிக் கோத்தார் என்பது என் வாசிப்பு. சொல் அங்கே இருப்பது உறுதி, கோத்த நோக்கம் என் அனுமானம்.

பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கதைதான் நடத்த நேரமிருக்கிறது என்றால் நாபோத்தின் கதையை (1 ராஜாக்கள் 21) நடத்துங்கள், அவசரப்படாமல் நடத்துங்கள். யெஸ்ரயேலில் ஆகாபின் அரண்மனையை ஒட்டி நாபோத்தின் திராட்சத்தோட்டம். ராஜா கேட்பது முதலில் நியாயமாகவே தெரிகிறது: இதை எனக்குக் கொடு, கீரைக்கொல்லையாக்கிக்கொள்கிறேன், பதிலுக்கு இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டுமானால் பணம் தருகிறேன். நாபோத், “என் பிதாக்களின் சுதந்தரத்தை உமக்குக் கொடேன்” என்கிறான். அவர்களுக்கு நிலம் விற்பனைச் சரக்கு அல்ல, கர்த்தர் குடும்பத்துக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. திராட்சை கொடி பிடித்துப் பலன் தர வருஷங்கள் ஆகும், கீரை ஒரு மாதப் பயிர். தலைமுறைகளின் உழைப்பைப் பிடுங்கிப் போட்டு அங்கே கீரை விதைக்க ஆசைப்படுகிறான் ராஜா. ‘கீரைக்கொல்லை’ என்ற இதே எபிரெயச் சொற்சேர்க்கை உபாகமம் 11:10இலும் வருகிறது. அங்கே அது எகிப்தைச் சொல்ல வந்த உவமை, அடிமைகளாய் இருந்து நீர் பாய்ச்சிய நாடு அது. தீர்க்கதரிசி ஏசாயாவின் பாட்டிலோ திராட்சத்தோட்டம் என்பது இஸ்ரவேலே. இஸ்ரவேலை எகிப்தாக்கப் பார்க்கிற ராஜா என்று அந்தக் காலத்துச் செவிக்குக் கேட்டிருக்கலாம்.

மறுப்பைக் கேட்ட ஆகாப் கட்டிலில் படுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, சாப்பிடாமல் கிடக்கிறான். பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அடுத்த வசனங்களில் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். அவன் மனைவி யேசபேல் ராஜாவின் பெயரில் கடிதம் எழுதி, ராஜாவின் முத்திரை போட்டு, ஊர் மூப்பர்களுக்கு அனுப்புகிறாள். உபவாசம் கூறுங்கள், நாபோத்தை ஜனத்தின் முன்னிலையில் நிறுத்துங்கள், அவன் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சொல்ல இரண்டு பேரை எதிரே உட்காரவையுங்கள். ஏன் இரண்டு பேர்? இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஒருவனைக் கொல்லக் கூடாது என்பது சட்டம். ராஜா வாசிக்க வேண்டிய அதே உபாகமம் 17ஆம் அதிகாரத்தில்தான் அதுவும் இருக்கிறது. உபவாசம், சபை, சாட்சி, தீர்ப்பு எல்லாம் முறைப்படி நடந்தன. அந்த முறைக்குள்ளேயே ஒரு மனிதனைக் கல்லெறிந்து கொன்றார்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சில் தைப்பது யேசபேல் அல்ல, அந்த மூப்பர்கள். நாபோத்தோடு ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள், அவனைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர்கள். ஒருவர்கூட ‘இது யார் எழுதிய கடிதம்?’ என்று கேட்கவில்லை. ‘நாபோத் கல்லெறியுண்டு செத்தான்’ என்று பதில் அனுப்பினார்கள். அவன் பிள்ளைகளின் இரத்தமும் சிந்தப்பட்டது என்பது 2 ராஜாக்கள் 9:26இல்தான் தெரியவருகிறது.

தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போன ஆகாபைத் தீர்க்கதரிசி எலியா அங்கேயே எதிர்கொண்டு, ‘நீ கொலைசெய்ததும் எடுத்துக்கொண்டதும் இல்லையோ?’ என்று கேட்கிறான். ஆகாபின் முதல் வார்த்தை, ‘என் பகைஞனே, என்னைக் கண்டுபிடித்தாயா?’ ஆனால் பாடப் புத்தகங்கள் விட்டுவிடுகிற ஒன்று அந்த அதிகாரத்தின் கடைசியில் இருக்கிறது. ஆகாப் தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, இரட்டுடுத்தி, உபவாசம்பண்ணித் தாழ்மையாய் நடந்தான். அவன் தாழ்த்தினதைக் கண்டு தண்டனை தள்ளிவைக்கப்பட்டது. வடக்கின் மிக மோசமான ராஜா என்று புத்தகமே சொல்கிற ஒருவனுக்கு, ஒரு நாள் வார்த்தையைக் கேட்டதற்காக இந்த அளவு. அட்டவணையின் எந்தப் பத்தியில் இதை எழுதுவீர்கள்?

தாவீதும் அட்டவணைக்குள் அடங்க மாட்டான். எல்லா ராஜாக்களுக்கும் அவனே உரைகல், ‘தன் தகப்பனாகிய தாவீதைப்போல’ என்றுதான் மற்றவர்களை அளக்கிறார்கள். அப்படிப் புகழ்கிற இடத்திலேயே, ஏத்தியனாகிய உரியாவின் சங்கதி ஒன்று தவிர என்று 1 ராஜாக்கள் 15:5 எழுதிவைத்திருக்கிறது. அவன் செய்தது ஆகாப் செய்ததைவிடச் சிறியது அல்ல. உரியாவின் சாவுக்கான கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்து அனுப்பினவன். வித்தியாசம், நாத்தான் ‘நீயே அந்த மனுஷன்’ என்றபோது அவன் என்ன செய்தான் என்பதில் இருக்கிறது. காவலாளியைக் கூப்பிடவில்லை, விளக்கம் சொல்லவில்லை. “நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்” என்றான், எபிரெயத்தில் இரண்டே சொல். அதனால் விளைவுகள் நீங்கிவிடவில்லை. குழந்தை செத்தது, மகன் அப்சலோம் அவனுக்கு எதிராக எழும்பினான், வீடு சிதறியது. உரியாவும் திரும்பி வரவில்லை. மன்னிப்பு என்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள், அந்த வீட்டில் எதுவும் சரியாகவில்லை.

கேட்பதும் கேளாமையும்தான் இந்தக் கதைகளின் முதுகெலும்பு என்று நான் முடிவுக்கு வந்தது, ஒரு தகப்பனையும் மகனையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது. யோசியாவின் 18ஆம் வருஷம், கி.மு. 622ஐ ஒட்டி, ஆலயத்தைப் பழுதுபார்க்கிறார்கள். பிரதான ஆசாரியன் இல்க்கியா ஒரு புத்தகச்சுருளைக் கண்டெடுத்து, ராஜாவின் சம்பிரதியாகிய (எழுத்தனாகிய) சாப்பானிடம் கொடுக்கிறான். சாப்பான் ராஜாவிடம் போய் முதலில் கட்டட வேலைக்கான பணக் கணக்கைச் சொல்கிறான். பிறகு, ‘இல்க்கியா என்னிடத்தில் ஒரு புஸ்தகத்தைக் கொடுத்தான்’ என்று சொல்லி வாசிக்கிறான். அந்த வார்த்தைகளைக் கேட்ட ராஜா தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்கிறான். உல்தாள் என்ற தீர்க்கதரிசினியிடம் ஆள் அனுப்பி, ஒரு பெண்ணின் வாயால் தன் நாட்டின் மேல் தீர்ப்பைக் கேட்டுக்கொள்கிறான்.

சுமார் பதினெட்டு வருஷம் கழித்து அதே எருசலேமில் அவன் மகன் யோயாக்கீம். எரேமியா 36ஆம் அதிகாரம். ஒன்பதாம் மாதம், குளிர்காலம். ராஜா குளிர்கால மாளிகையில் உட்கார்ந்திருக்கிறான், முன்னால் கணப்பில் நெருப்பு எரிகிறது. தீர்க்கதரிசி எரேமியா சொல்ல, அவருடைய எழுத்தர் பாருக்கு என்பவர் எழுதிய சுருளை யெகுதி என்பவன் வாசிக்கிறான். மூன்று நாலு பத்தி வாசித்ததும், ராஜா எழுத்தர்கள் வைத்திருக்கும் சிறு கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். மறுபடி வாசிப்பு, மறுபடி கத்தி, சுருள் முழுவதும் சாம்பலாகும்வரை. அங்கே இருந்தவர்கள் பயப்படவும் இல்லை, தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொள்ளவும் இல்லை என்று எரேமியாவின் புத்தகம் எழுதுகிறது. யோசியா வஸ்திரத்தைக் கிழித்ததற்கும் யோயாக்கீம் சுருளை அறுத்ததற்கும் எபிரெயத்தில் ஒரே வினைச்சொல், ‘காரா’. தகப்பன் தன் உடையைக் கிழித்தான், மகன் புத்தகத்தைக் கிழித்தான். அன்று ‘எரிக்க வேண்டாம்’ என்று கெஞ்சிய மூவரில் ஒருவன் கெமரியா. யார் மகன் தெரியுமா? சாப்பானின் மகன். தகப்பன் ஒரு ராஜாவுக்குச் சுருளை வாசித்துக் காட்டினான், மகன் அந்த ராஜாவின் மகனிடம் ஒரு சுருளுக்காகக் கெஞ்சினான். 1980களில் எருசலேமின் தாவீது நகரத்தில் தோண்டியபோது, நகரம் எரிந்த நெருப்பில் சுட்டு இறுகிப்போன களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில், ‘சாப்பானின் குமாரன் கெமரியாவுக்கு உரியது’ என்று இருக்கிறது. அது இந்தக் கெமரியாவே என்பது மிகவும் சாத்தியம். பெயரும் காலமும் பொருந்துகின்றன, அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது.

யோயாக்கீமைப் பற்றி எரேமியா 22இல் வரும் வார்த்தைகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தாலும் தகும். அவன் கேதுரு மரம் வைத்து மச்சுப்பாவி, ஜாதிலிங்கச் சாயம் பூசி மாளிகை கட்டினான், அயலானிடம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கினான். எரேமியா கேட்கிறார்: நீ கேதுரு மரத்தில் போட்டி போடுவதாலா ராஜாவாய் இருக்கிறாய்? உன் தகப்பன் சாப்பிட்டுக் குடித்து, நியாயமும் நீதியும் செய்யவில்லையா? ‘அவன் சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை விசாரித்தான், அப்பொழுது சுகமாய் வாழ்ந்தான், அப்படிச் செய்வது அல்லவோ என்னை அறிகிற அறிவு’. யோசியாவை ராஜாக்கள் புத்தகம் மேடைகளை இடித்ததற்காகப் பாராட்டுகிறது. அவனை நேரில் கண்டிருக்கக்கூடிய எரேமியாவோ ஏழையின் வழக்கைக் கேட்டதற்காகப் பாராட்டுகிறார். இரண்டு அளவும் ஒன்றா, வேறா? வேதத்தின் வாயில் இரண்டும் ஒன்றுதான் என்பது என் நம்பிக்கை. தனக்கு மேலே ஒருவரும் இல்லை என்று நினைக்கிற ராஜா எல்லாரிடமிருந்தும் எடுப்பான். தனக்கு மேலே கேட்க ஒரு வார்த்தை உண்டு என்று அறிந்தவன், எடுக்கும்போது கை நடுங்குவான். இதை நம்பிக்கையாகச் சொல்கிறேன், நிரூபணமாக அல்ல.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு. அவன் சொன்ன கணக்கு சரி, அதை முதலில் அவனிடம் ஒத்துக்கொள்ளுங்கள். யோசியா கி.மு. 609இல் மெகிதோவில் பார்வோன் நேகோவின் கையில் செத்தான். சமாதானத்தோடே கல்லறையில் சேர்க்கப்படுவாய் என்று உல்தாள் அவனுக்குச் சொல்லியிருந்தாள். அதற்கும் இதற்கும் எப்படிப் பொருத்தம் என்று ராஜாக்கள் புத்தகம் விளக்கவே இல்லை, ஒரே வசனத்தில் சாவைச் சொல்லிக் கடந்துபோகிறது. மனாசேயின் 55 வருஷத்துக்கும் அங்கே விளக்கம் இல்லை. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்துப் பாரசீகர் காலத்தில் எழுதப்பட்ட நாளாகமம் என்ற புத்தகத்துக்கு இது உறுத்தியிருக்கிறது. அதில் மனாசே பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போய், மனந்திரும்பி, திரும்பி வருகிறான். யோசியாவோ நேகோ மூலமாய் வந்த தேவனுடைய வார்த்தைக்குச் செவிகொடாததால் செத்தான். மனாசே அசீரியாவுக்குக் கப்பம் கட்டியவன் என்பதை அசீரியப் பதிவுகள் உறுதி செய்கின்றன, சிறைப்பட்டதை அவை சொல்லவில்லை. ஆக வேதத்துக்குள்ளேயே இரண்டு குரல்கள். ஒன்று விளக்கம் தேடுகிறது, மற்றது விளக்காமல் வலியோடு விட்டுவிடுகிறது. வடக்கின் ராஜா யெகூவின் விஷயத்திலும் அப்படித்தான். ஆகாபின் வீட்டாரை அவன் வெட்டிச் சாய்த்ததை 2 ராஜாக்கள் 10 பாராட்டுகிறது, அதே யெஸ்ரயேலின் இரத்தப்பழிக்காக யெகூவின் வீட்டாரை விசாரிப்பேன் என்று தீர்க்கதரிசி ஓசியா தம் புத்தகத்தைத் தொடங்குகிறார். இதை ஒட்டுப்போட்டு மறைக்காதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைத் தாங்கும். நாம் மறைத்தோம் என்று பின்னால் தெரியவந்தால்தான் தாங்காது.

எசேக்கியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பழுக்கற்ற இருவரில் ஒருவன். அசீரிய ராஜா சனகெரிப் கி.மு. 701இல் படையெடுத்து வந்தபோது எருசலேம் விழவில்லை. எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல அடைத்தேன் என்று எழுதிய சனகெரிப்பும் நகரைப் பிடித்தேன் என்று எழுதவில்லை. பாறையைக் குடைந்து அரை கிலோமீட்டருக்கு மேல் நீர் கொண்டுவந்த சுரங்கத்தில் இன்றும் நடந்து போகலாம். ஆனால் பாபிலோன் தூதருக்குப் பொக்கிஷசாலையைத் திறந்து காட்டியபின், இதெல்லாம் ஒரு நாள் பாபிலோனுக்குப் போகும், உன் குமாரரும் போவார்கள் என்று ஏசாயா சொன்னபோது, அவன் பதில், என் நாட்களிலாவது சமாதானம் இருக்குமே என்பது. பிள்ளைகள் அனுபவிக்கப்போவதைக் கேட்டும், தன் காலம் தப்பியது போதும் என்று நினைத்த தகப்பன். நல்ல ராஜாவின் வாயிலிருந்து வந்த இந்த வரி எனக்கு ஆகாபின் கதையைவிட அதிகம் பயம் தருகிறது, ஏனென்றால் நானும் இப்படி நினைத்திருக்கிறேன்.

வகுப்புக்கு என் யோசனை: அட்டவணையைக் கிழித்தெறிய வேண்டாம். அதன் பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுதிவைத்து, ஒவ்வொரு ராஜாவிடமும் கேட்கச் சொல்லுங்கள். தனக்கு விரோதமான வார்த்தையைக் கேட்டபோது இவன் என்ன செய்தான்? இவனுடைய நாட்டில் நாபோத்துக்கு என்ன ஆயிற்று? சாலொமோனின் மகன் ரெகொபெயாமும், யோவாசும், தீர்க்கதரிசி மிகாயாவைச் சிறையில் போட்ட ஆகாபும் இந்தக் கேள்விகளுக்குத் தாங்களே பதில் சொல்வார்கள். நீண்ட ஆயுசும் வெற்றியும் எந்தப் பக்கம் விழுந்தன என்பதைப் பிள்ளைகளே எண்ணிப் பார்க்கட்டும். சில சமயம் இந்தப் பக்கம், சில சமயம் அந்தப் பக்கம்.

கடைசிப் பாடத்துக்கு ராஜாக்கள் புத்தகத்தின் கடைசி நான்கு வசனங்களை வையுங்கள். பதினெட்டு வயதில் மூன்று மாதம் மட்டும் ஆண்டு, கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யோயாக்கீன் (யோயாக்கீமின் மகன்), சிறையிருப்பின் 37ஆம் வருஷத்தில் விடுதலையாகிறான். சிறையிருப்பு வஸ்திரங்களை மாற்றிக்கொண்டு, பாபிலோன் ராஜா ஏவில்மெரொதாக்கின் பந்தியில் உயிரோடிருந்த நாளெல்லாம் போஜனம் பண்ணுகிறான். பாபிலோனில் கிடைத்த களிமண் பலகைகளில், கி.மு. 592ஐச் சேர்ந்த ஒன்றில், யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து குமாரருக்கும் அளந்து கொடுத்த எண்ணெயின் கணக்கு இருக்கிறது. தாவீதின் வம்சத்து ராஜா அந்நியனின் பண்டகசாலையில் படி வாங்கிச் சாப்பிடுகிறான். இவன் நல்லவனா கெட்டவனா? பொல்லாப்பானதைச் செய்தான் என்ற வரி இவனுக்கும் உண்டு. ஆனாலும் புத்தகம் இவனை உயிரோடு, சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டு நின்றுவிடுகிறது. இது நம்பிக்கையா, வெறும் செய்தியா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். உங்கள் பையனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கும் எழுதுங்கள்.